யார் கேட்ட லீவு?

போன மாதம் சங்கக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் கிளைச் செயலாளர் ஒருவர் எழுந்து நின்று, "ஒப்பந்தத்தில் சம்பள உத்தரவாதம் இருக்கிறது. ஆள்குறைப்பு என்று மிரட்டினால் மிரட்டிவிட்டுப் போகட்டும். நமக்கு என்ன பயம்?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கிழவனுக்குக் கைவலி என்று நினைத்திருப்பார்கள். கை நன்றாகத்தான் இருந்தது, வயிறுதான் எரிந்தது.

இதே பேச்சை, ஏறக்குறைய இதே சொற்களில், நானும் ஒருகாலத்தில் பேசியிருக்கிறேன். எனக்கும் கைதட்டினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் கதை அதைவிட மோசம். எங்களுடையது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, நிஜமாகவே காய்த்துத் தொங்கிய சுரைக்காய். அதை நானே பறித்து முதலாளி கையில் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வந்தால் நல்லது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது மலாக்கா டவுனில் ஒரு பஸ் கம்பெனியில் நான் டிரைவர், எங்கள் சங்கக் கிளைக்குச் செயலாளரும் நான்தான். காஜா பேராங்கில் வாடகை வீடு. வெள்ளைக்காரன் போவதற்கு முந்தைய வருடம் நாங்கள் பதினோரு நாள் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் வாங்கினோம். அதற்கு முன் எங்கள் பிழைப்பு எப்படித் தெரியுமா? பஸ் ஓடினால் சம்பளம். பஸ் படுத்துக்கொண்டால் டிரைவரும் பட்டினி. இன்ஜின் கெட்டால் அது நாங்கள் செய்த பாவம்போல, "நாளைக்கு வா" என்பார்கள். ஒப்பந்தத்துக்குப் பிறகு, வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் இருபத்திரண்டு நாள் சம்பளம் உறுதி. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வேலை இல்லாத நாளிலும் காலை ஆறு மணிக்கு முன் சட்டை மாட்டிக்கொண்டு டிப்போவுக்கு வந்து டைம் கீப்பர் முன்னால் நிற்க வேண்டும். அதை நாங்கள் 'முகம் காட்டுவது' என்போம். முகம் காட்டியவன் வேலைக்குத் தயாராக இருந்தவன். அவனுக்கு வண்டி கொடுக்காதது கம்பெனியின் பாடு.

அந்த ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். நான் ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் நாலு தடவை படித்தேன். தெரியாத மொழியைக் கண்டால் பயம் இருக்கும், பயம் இருந்தால் கவனம் இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை, வந்தது. ஊரெல்லாம் கொடி. மறு வருடம் ரப்பர் விலை இறங்கியது. தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், பஸ்களில் கூட்டம் குறைந்தது. இதுவரை நியாயம், யாரையும் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்து சேர்ந்தார். நம் ஆள்தான், தமிழர். வெள்ளைக் கால்சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. ஒருநாள் காலையில் எங்களையெல்லாம் டிப்போவில் கூட்டி, ஆளுக்கு ஒரு குவளை சிவப்புச் சர்பத், சிராப் தண்ணீர் என்போம், கொடுத்துவிட்டுப் பேசினார்.

"தம்பிங்களா, இப்ப நாடு நம்ம நாடு. வெள்ளக்காரன் போயிட்டான். குடும்பத்துல கஷ்டம்னா என்னா செய்வோம்? ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுப்போம். ரெண்டு வழிதான் இருக்கு. பதினாலு பேர ஒரேடியா நிறுத்தணும். இல்லன்னா எல்லாரும் முற வச்சு ஒரு ஒரு மாசம் லீவுல இருக்கணும். யாரும் போகக் கூடாதுங்கறதுதான் என் ஆச."

எவ்வளவு நல்ல மனம் பாருங்கள்! கேட்டுக்கொண்டிருந்த சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. விடுதலை பெற்ற நாட்டின் பெயரைச் சொல்லி, அந்த நாட்டுக்காரன் வயிற்றில் அடிக்கத் திட்டம் போட்டுவிட்டு, சிராப் தண்ணீரும் ஊற்றிய மனிதர் அவர். இன்றைக்கும் அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேச்சு முடிந்ததும் ஒரு கட்டுக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். "இனிமே எல்லாம் தேசிய மொழியிலதான் செயலாளரே. நீங்கதான் படிச்சவரு. ஆளுங்களுக்கு வெளக்கிச் சொல்லி கையெழுத்து வாங்கிக் குடுத்துருங்க" என்றார்.

காகிதம் மலாயில் இருந்தது. நான் அதை ஒரே தடவைதான் படித்தேன். அகராதி எடுக்கவில்லை. மலாய் எனக்குத் தெரியாதா? மீன் வாங்குவது மலாயில், வண்டியில் ஆள் ஏற்றுவது மலாயில், சண்டை போடுவதும் மலாயில். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

டிப்போ பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பில் 'டிமிந்தா' என்று ஒரு சொல் இருந்தது. தொழிலாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று அர்த்தம். கேட்பது கம்பெனி. கையில் இருந்த காகிதத்தில் 'சாயா மிந்தா' என்று தொடங்கியது. நான் கேட்கிறேன் என்று அர்த்தம். சம்பளமில்லாத லீவை, கம்பெனி திரும்ப அழைக்கும் வரை, நான் கேட்கிறேன்! முன்னால் இருந்த 'டி' என்ற ஓர் எழுத்து போனதும், கேட்பவன் மாறிவிட்டான். என் கண்ணுக்கு அது படவில்லை. பலகையில் பார்த்த அதே மரியாதைச் சொல் என்று நினைத்துக்கொண்டேன். 'அழைக்கும் வரை' என்பதையும் மேனேஜர் வாயால் சொன்ன ஒரு மாதம் என்றே எடுத்துக்கொண்டேன். ஆட்களைப் பார்த்து, "கம்பெனி நமக்கு முறை வைத்து லீவு கொடுக்குது. யாரையும் நிறுத்தப் போறதில்ல" என்று தமிழில் அறிவித்தேன். முதல் கையெழுத்தை நானே போட்டேன். தலைவன் என்றால் முன்னால் நிற்க வேண்டுமல்லவா! பள்ளத்தில் விழுவதிலும் முன்னால் நின்றேன்.

எனக்குப் பின்னால் நின்றவர் முத்தையா. புக்கிட் காதில் என்ற ஊருக்கு பஸ் ஓட்டியவர். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அந்தக் குடும்பத்திலேயே முதல் ஆளாக வெளியே வந்து, லாரி கழுவி, லாரி ஓட்டி, கடைசியில் பஸ் டிரைவர் சட்டை போட்டவர். பதினைந்து வருட சர்வீஸ். "என் கட்டை வேகும்போதுகூடத் தோட்டத்துப் பக்கம் திரும்பாது" என்று அடிக்கடி சொல்வார். அவருக்குத் தமிழில் கையெழுத்துப் போட வரும். மலாய் எழுத்து படிக்க வராது.

"அண்ணே, இதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"லீவுதான்ப்பா. போடு."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று சொல்லிப் போட்டார்.

அன்று இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் போடவில்லை.

அவர் கிளேபாங் பஸ் ஓட்டியவர். பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய மலாக்காச் செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். பெயரை எழுதமாட்டேன், மேடையில் தன் பெயர் சொல்வதையே விரும்பாத மனிதர். நெற்றியில் திருநீறு இருக்கும், கோயிலில் முன்வரிசையில் நிற்பார், பெயரும் நம் பெயர்தான். ஆனால் நாலு சொல்லுக்கு மேல் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டுப் பேச்சே மலாய்தான். நாங்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. "பட்டை போடுவாரு, பாஷை பேசமாட்டாரு" என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். எங்களைவிட மூத்தவர் என்பதால் 'அபாங்' என்று கூப்பிடுவோம், மலாயில் அண்ணன் என்று அர்த்தம். கூப்பிடுவது மரியாதையாக, பேசுவது இளக்காரமாக.

அவர் காகிதத்தை வாங்கி உதடு அசைய மெல்லப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "சியாப்பா மிந்தா?" என்றார். யார் கேட்டது? நானும் அவரும் பேசியது மலாயில். மற்றதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அது ஒரு மரியாதை வார்த்தை அபாங்" என்றேன்.

"யாருக்கு மரியாதை? நான் லீவு கேக்கல. கேக்காதத கேட்டேன்னு எப்படி எழுதிக் குடுப்பேன்? இன்னொரு தடவ படி."

"எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர் ஒத்துமையக் கெடுக்காதீங்க. பதினாலு பேர் வேல போனா அந்தப் பாவம் உங்களத்தான் சேரும்."

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். 'தமிழே தெரியாதவர் நமக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டார்' என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். காகிதம் தமிழில் இல்லை, மலாயில் இருந்தது என்பது அப்போது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

முதல் முறை எங்கள் டிப்போவுக்கு என்று சொல்லி எங்கள் எல்லோரையும் ஒன்றாகவே அனுப்பினார்கள், லீவு தொடங்கியது. நான் கிளேபாங்கில் ஒரு கடையில் மூட்டை இறக்கினேன். முத்தையா ஒரு தச்சரிடம் கையாளாகப் போனார். ஒரு மாதம்தானே, கம்பெனியே கொடுத்த லீவுக்கு முகம் காட்ட வேண்டியதில்லை, லீவுக்குச் சம்பளம் இல்லை என்றாலும் மாதக் கடைசியில் உத்தரவாதச் சம்பளம் வந்துவிடும் என்று எல்லோருக்கும் நான் தெம்பு சொல்லியிருந்தேன். செட்டிக்காரர் மட்டும் தினமும் காலையில் டிப்போவுக்குப் போய் முகம் காட்டினார். வண்டி கொடுக்கவில்லை. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

சம்பள நாளில் அவருக்கு இருபத்திரண்டு நாள் சம்பளம் கிடைத்தது. எங்கள் இருபத்து மூன்று பேருக்கும் ஒரு காசு கிடையாது. கவுண்டரில் இருந்த குமாஸ்தா, கிராணி என்போம், "நீங்கள்லாம் லீவு கேட்டவங்க. வேலைக்குத் தயாரா இருந்தவங்களுக்குத்தான் உத்தரவாதம்" என்றான். அவன்மேல் தப்பில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னான்.

"சரி, லீவு போதும், நாளையிலேர்ந்து வர்றோம்" என்றோம்.

"கம்பெனி கூப்புடுறவரைக்கும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. கூப்புடுவாங்க."

கூப்பிடவே இல்லை. மறு வாரம் பார்த்தால் எங்கள் பஸ்களெல்லாம் ஓடுகின்றன. ஓட்டுவது யாரென்றால், தினக்கூலிக்குப் பிடித்துவந்த புது ஆட்கள். உத்தரவாதம் கிடையாது, சர்வீஸ் கிடையாது, கேள்வி கேட்க வாயும் கிடையாது. குடும்பத்தில் கஷ்டம் என்று உருகிய மேனேஜர் செய்த வேலை இது! புக்கிட் காதில் முனையில் முத்தையா தலையில் பலகைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய பஸ்ஸையே எவனோ ஒருவன் ஓட்டிக்கொண்டு அவரைக் கடந்து போனானாம். கியர் போடத் தெரியாமல் கரகரவென்று இழுத்தானாம். முத்தையாவே வந்து சொன்னார். 

இன்னொன்றும் தெரிய வந்தது. சொந்த விருப்பத்தில் மூன்று மாதம் வேலைக்கு வராதவன் தானாக விலகியவனாவான் என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. நாலு தடவை படித்தேன் என்றேனே, அந்தப் பிரிவையும் நாலு தடவை படித்தவன்தான் நான். மூன்று மாதம் முடிந்தால் இருபத்து மூன்று பேரின் சர்வீஸும் போய்விடும். முத்தையாவின் பதினைந்து வருடம் ஒரு 'மிந்தா'வில் கரைந்துவிடும்.

அன்று சாயங்காலம் கம்போங் செட்டிக்குப் போனேன். பக்கத்துத் தெருதான், ஆனால் அன்று அது ரொம்பத் தூரமாக இருந்தது. செட்டிக்காரர் என்னை வாசலில் நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சொல்லவில்லை. நாலாக மடித்த அந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"இத உன் ஆளுங்களுக்குத் தமிழ்ல என்னா சொன்ன?"

தமிழில் சொன்னேன்.

"அது எனக்குப் புரியாது. நீ சொன்னத அப்படியே மலாய்க்குத் திருப்பிச் சொல்லு. காகிதத்தப் பாக்காத."

திருப்பிச் சொன்னேன். கம்பெனி எங்களுக்கு ஒரு மாதம் லீவு கொடுக்கிறது. சொல்லி முடிக்கும்போதே என் காதுகள் சூடாகிவிட்டன. அவர் காகிதத்தின் முதல் வரியில் விரலை வைத்து, "ரெண்டும் ஒண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த முறையை அன்றிலிருந்து நான் விட்டதில்லை. ஒரு காகிதத்தை ஆட்களுக்கு விளக்கிச் சொன்னால், கேட்டவரில் ஒருவரை விட்டு அதே விஷயத்தைக் காகிதத்தின் மொழிக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பேனாவை யாரிடமும் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

லேபர் ஆபீஸில் மனு கொடுத்தோம். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மூன்றாவது மாதம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் முத்தையா தாங்க முடியாமல், வீட்டைக் காலி செய்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு தான் பிறந்த அதே தோட்டத்துக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. காலியான வீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விசாரணைக்கு முதல் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"தம்பி, நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். ஆளுங்க சம்மதிச்சுத்தான் போட்டாங்கன்னு சொல்லு, போதும். சம்மதிச்சாங்களா இல்லியா? டிக்கெட் இன்ஸ்பெக்டர் வேல காலியா இருக்கு. ஓடுற பஸ் காடியில ஏறி எறங்குற வேலதான், மூட்ட தூக்க வேணாம்."

அங்கிருந்து வெளியே வந்தால் எங்கள் ஆட்கள் காப்பிக் கடையில் காத்திருந்தார்கள். அவர்கள் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். "அண்ணே, கிராணிதான் தப்பாப் படிச்சுச் சொன்னான்னு அடிச்சுச் சொல்லிருவோம். இருபத்து மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா யாரு மறுக்கறது?"

ஒரு பக்கம் முதலாளிக்கு லாபமான பொய், மறுபக்கம் எங்களுக்கு லாபமான பொய். இரண்டிலும் நான் தப்பித்துக்கொள்வேன். முதல் பொய்க்கு ஆசைப்படவே இல்லை என்று சொன்னால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை ஆசைப்பட்டேன். இரண்டாவது பொய்தான் ரொம்பப் படுத்தியது, ஏனென்றால் அது நியாயத்தின் பக்கம் நின்றது. ஆனால் அந்தக் கிராணிக்கும் வீடு, குடும்பம் எல்லாம் உண்டு. நான் செய்த தப்புக்கு அவனைக் கழுவில் ஏற்றிவிட்டு நான் சங்கம் நடத்துவதா? செட்டிக்காரரிடம் யோசனை கேட்டேன். "அது உன் வாய்" என்றார். 

விசாரணை அறை சிறியது. எங்கள் ஆட்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். அதிகாரி மலாய்க்காரர், கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். மேனேஜர் இருபத்து மூன்று காகிதங்களையும் வரிசையாக அடுக்கிவிட்டு, "இவங்களே கேட்டாங்க. கையெழுத்து இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இதை இவர்களுக்குப் படித்துச் சொன்னது யார்?"

"நான்தான்" என்றேன். "தப்பாகப் படித்தேன். கம்பெனி லீவு கொடுக்கிறது என்று சொன்னேன். இவர்கள் கேட்பதாக எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இவர்களில் யாரும் லீவு கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்."

பின்னால் யாரோ ஒருவர் காறிய சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மேனேஜர் சிரித்தார். "இங்கிலீஷ் ஒப்பந்தத்த வரி வரியாப் படிச்சவருக்கு மிந்தா தெரியாதாம். இத நீங்க நம்புறீங்களா?"

நியாயமான கேள்வி.  அப்போது செட்டிக்காரர் எழுந்தார். அவருக்கு அங்கே வழக்கே கிடையாது. அவர் சம்பளம் அவருக்கு வந்துவிட்டது. சாட்சி சொன்னதற்காக மறுநாளே அவரை விரட்டியிருக்க முடியும். "நான் நம்புறேன்" என்றார். "நான் கையெழுத்துப் போடலன்னு இந்த ஆள் என்னத் திட்டினான். ஒத்துமையக் கெடுக்குறேன்னு சொன்னான். மேல இருக்குற முதல் கையெழுத்து யாருதுன்னு பாருங்க, இவனுதுதான். விஷயம் தெரிஞ்சிருந்தா தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போட்டுக்குவானா? இவன் திருடன் இல்ல. முட்டாள். அவ்வளவுதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஒரு தொழிற்சங்கச் செயலாளரின் முட்டாள்தனம் சங்கத்தின் சாட்சியாக நின்றது அங்கேதான். அவமானம்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்காக அந்த மனிதருக்கு நான் இன்றுவரை நன்றி உள்ளவன்.

பிறகு அதிகாரி மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆலோர் காஜா பக்கத்து வண்டிகளுக்கு உங்களுக்கு இன்னொரு டிப்போ இருக்கிறது. அங்கே மலாய் டிரைவர்கள். அவர்களுக்கு இந்தக் காகிதம் ஏன் போகவில்லை?"

அந்த வெள்ளைக் கால்சட்டைக்காரர் அடுக்கிய காகிதங்களையே மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கே முழுசாக உறைத்தது. மலாய் படித்தால் புரியக்கூடிய ஆட்களிடம் இந்தக் காகிதம் போகவே இல்லை. படிக்கத் தெரியாதவர்களாகப் பார்த்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு செயலாளரையும் பார்த்து, எங்கள் டிப்போவுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். செட்டிக்காரர் அந்தப் பட்டியலில் வந்ததும் மேனேஜரின் கவனக்குறைவு. பெயரைப் பார்த்துத் தமிழர் கணக்கில் சேர்த்துவிட்டார். மலாக்காவுக்குப் புதியவர், செட்டிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் என்னைப் பற்றிப் போட்ட கணக்கு மட்டும் சரியாக இருந்தது. தேசிய மொழி என்று மார்தட்டியதெல்லாம் இதற்குத்தான். நேற்றுத்தான் நமக்கென்று வந்த ஒரு மொழியை, அதன் சொந்தக்காரன் பார்வைக்கு மறைத்து, ஏழையின் கையெழுத்தைப் பிடுங்கும் கருவியாக்கிய அயோக்கியத்தனத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் போவதில்லை.

தீர்ப்புக் கடிதம் அந்த வார வெள்ளிக்கிழமை வந்தது. புரியாமல் போட்ட கையெழுத்து செல்லாது, சர்வீஸ் தொடரும், உத்தரவாதமும் தொடரும். ஆனால் வீட்டில் இருந்த மாதங்களுக்கு எதுவும் கிடையாது, முகம் காட்டவில்லை அல்லவா! அந்தப் பட்டினியை யாரும் திருப்பித் தரவில்லை. கடைசி வரியில் ஒரு நிபந்தனையும் இருந்தது. திங்கட்கிழமை காலை டிப்போவுக்கு வராதவர் வேலையை விட்டவராகக் கருதப்படுவார்.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜாசின் பஸ் ஏறினேன். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் முத்தையா வீடு கடைசி. அவர் வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டப் போக ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். 'வாங்கண்ணே' என்று சொல்லவில்லை. அவர் மனைவி அஞ்சலைதான் பேசினாள்.

"அண்ணே, இப்ப என்னா காகிதம் கொண்டாந்திருக்கீங்க? போன காகிதத்துல டவுன விட்டு வந்தோம். இதுல எங்க போகணும்?"

நான் கடிதத்தை விரித்தேன். மலாயில் ஒவ்வொரு வரியாகப் படித்தேன், ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் படித்ததில்லை. "நாளைக்குக் காலையில வந்துரு முத்தையா. உன் பதினஞ்சு வருஷமும் அப்படியே இருக்கு" என்றேன். 

முத்தையா கத்தியைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"அதக் குடுங்கண்ணே. தோட்டத்து எல்லையில பாக் ஹாஜின்னு ஒரு மலாய்க்காரப் பெரியவரு இருக்காரு. அவர்கிட்ட படிச்சுக் கேட்டுக்கிட்டு வர்றேன்."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். நான் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போனார். உட்காருங்கள் என்று அஞ்சலை ஒரு பலகையைப் போட்டாள், எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மனத்துக்குள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தேன், எங்கேயாவது ஓர் எழுத்தை விட்டுவிட்டேனோ என்று.

அவர் திரும்பி வந்தார். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இந்தத் தடவ நீங்க சொன்னது சரிதாண்ணே" என்றார்.

முத்தையா அதற்குப் பிறகு இருபது வருடம் எங்களோடு பஸ் ஓட்டினார். சங்கத்துக்குச் சந்தா தவறாமல் கட்டினார், எனக்கு வோட்டும் போட்டார். ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கேட்டுவிட்டு இன்னொருவரிடமும் கேட்பார். என் எதிரிலேயே கேட்பார். ஒருநாளும் நான் அதற்குக் கோபப்பட்டதில்லை, எனக்கு அந்த உரிமை கிடையாது.